பின்னணி முன்னே வரும் இசை: அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டலை முதன்முறை கேட்டல்

அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல், 1990களின் முதற்பாதியில் நார்வேயில் உருவான பிளாக் மெட்டலிலிருந்து கிளைத்த இசை வகை. மின் கிதாரின் கரகரப்பு, மூச்சு விடாத டிரம்ஸ், அலறலாக எழும் குரல் ஆகிய மூன்றும் தாய் வகையிலிருந்து வந்தவை. எட்டு, பத்து நிமிடம், சில சமயம் இருபது நிமிடம் நீளும் பாடல்களும், மெல்ல மாறும் கிதார் சேர்க்கைகளும், கீபோர்டும் ரிவெர்பும் (திரும்பொலி) சேர்ந்து எழுப்பும் பரந்த வெளியும் இந்தக் கிளைக்கே உரியவை. காடு, மலை, பனி, இரவு, பழங்கதை இவையே பெரும்பாலும் இதன் பாடுபொருள். தனிப்பாட்டாகக் கேட்பதற்கு இது செய்யப்படுவதில்லை. முப்பத்தைந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓடும் முழு ஆல்பமே இங்கு ஒரு படைப்பு.

மார்கழி தோறும் ஒரே நாளில் மூன்று சபாக்களில் கச்சேரி கேட்கும் மயிலாப்பூருக்கு இந்தப் பொருள் தொலைவானதாகத் தோன்றலாம். ஆயினும் இசையைப் பற்றிப் பேசவென்றே நிறுவப்பட்ட அறக்கட்டளை மேடையில், இந்த ஊரின் காது தனக்குப் பழக்கமில்லாத ஒன்றை எப்படிச் சந்திக்கிறது என்று ஆராய இடமுண்டு. இவ்வுரை முன்வைக்கும் கருத்து ஒன்றுதான்: கச்சேரியில் தம்பூரா இருக்கும் இடத்தில் இந்த இசையில் குரல் இருக்கிறது, குரல் இருக்கும் இடத்தில் தம்பூராவின் வேலையைச் செய்யும் ஒலி இருக்கிறது. பின்னணி முன்னே வந்துவிடுகிறது. முதல் கேட்பில் எல்லாம் இரைச்சலாகப் படுவதற்குக் காரணம், காது பழைய இடத்திலேயே பாடகரைத் தேடிக்கொண்டிருப்பதுதான். கீழ்வரும் பகுதிகள் இக்கருத்தைப் படிப்படியாக விரிக்கின்றன.

1. பிறப்பும் வருகையும்

பிளாக் மெட்டல் என்ற பெயர் இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. சுவீடனின் பாத்தரி 1984இல் தொடங்கி வெளியிட்ட ஆல்பங்கள் அந்த ஒலியை மேலும் முரடாக்கின. நார்வே இளைஞர்கள் சிலர் இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்து, பத்தாண்டுக்குள் தமக்கென ஓர் இசையை உருவாக்கினார்கள். மேஹெம், டார்க்த்ரோன், எம்பரர், பர்சம் ஆகியவை அக்காலத்தின் முதன்மைப் பெயர்கள்.

அவர்களது ஒலிப்பதிவு முறை தனியாகக் கவனிக்கத்தக்கது. டார்க்த்ரோன் 1994இல் வெளியிட்ட ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டு வீட்டுச் சூழலிலேயே பதிவானது. 1993இல் பதிவாகி 1996இல் வெளிவந்த பர்சத்தின் ‘ஃபிலோசோஃபெம்’ ஆல்பத்தில், பாடுவதற்குக் கிடைத்ததிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு வாங்கியதாக அதை உருவாக்கியவரே கூறியிருக்கிறார். நல்ல ஸ்டூடியோ கைக்கெட்டாததால் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அடி ஒலி மெலிந்து, உச்ச ஒலிகள் கூர்மையாகி, எல்லாம் ஒரு திரைக்குப் பின்னாலிருந்து வருவது போன்ற அந்தத் தன்மையை அவர்கள் தெரிந்தே தேர்ந்தார்கள்.

இதிலிருந்து கிளைத்தவை பல. ஆஸ்திரியாவின் சம்மனிங் குழு டோல்கீனின் கற்பனை உலகைப் பாடியது. உக்ரைனின் ட்ருட்க், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து அகலாக், வாஷிங்டன் மாநிலத்து வுல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம் ஆகிய குழுக்கள் தத்தம் நாட்டுக் காடுகளையும் பருவங்களையும் இசைக்குள் கொண்டுவந்தன.

சென்னையில் மெட்டல் கேட்கும் வட்டம் சிறியது; ஆனால் நேற்றுத் தோன்றியதன்று. நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க், ஸ்பென்சர் பிளாசா மியூசிக் வேர்ல்ட் கடைகளின் வெளிநாட்டு இசை அடுக்குகளும், அடையாறு அன்வைண்ட் சென்டரின் மேடையும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் விழாவும் அதை வளர்த்தன. சுவீடனின் ஓபெத் குழு 2009இல் சாரங் மேடையில் வாசித்தது. சென்னையிலேயே பிறந்த டயபோலஸ் ஆர்கேனியம், கீபோர்டின் துணையுடன் சிம்ஃபனிக் பிளாக் மெட்டல் வாசிக்கும் குழு. ஆக, இந்த இசை நகருக்குள் வந்து நாளாயிற்று. தென்சென்னையின் கச்சேரிக் காதுக்கும் அதற்கும் இடையே அறிமுகம்தான் இன்னும் நடக்கவில்லை.

2. மேடையின் வரிசை

வாணி மகாலிலோ நாரத கான சபாவிலோ திரை விலகியதும் கேட்பவருக்கு ஒலியின் வரிசை தெரிந்துவிடுகிறது. பாடகர் நடுவில், வயலின் ஒருபுறம், மிருதங்கம் மறுபுறம், தம்பூரா பின்னால். ஒலிபெருக்கியும் இதே வரிசையைக் காக்கிறது. தம்பூரா கேட்கவில்லை என்று எவரும் எழுந்து சொல்வதில்லை. பாடகரின் மைக் ஒரு நொடி அறுந்தாலும் அரங்கே திரும்பிப் பார்க்கிறது. திரையிசையிலும் இதுதான் நடக்கிறது. முப்பது வயலின்கள் ஒலித்தாலும் பாடகர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, சொல் சொல்லாகப் பிரிந்து கேட்குமாறு வைக்கப்படுகிறது. சாகித்யத்தைக் கேட்டு, அதன் பாவத்தைக் கேட்டு, பிறகே மற்றதைக் கேட்கும் பழக்கம் இவ்விரண்டாலும் இங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பிளாக் மெட்டலில் குரல் இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறது. அந்த அலறல், குரல் நாண்களுக்கு மேலேயுள்ள பொய்நாண்களையும் அதிரவைத்து எழுப்பப்படுவது. சுருதித் தெளிவு அதில் இருக்காது. இருக்க வேண்டும் என்ற நோக்கமும் இல்லை. கலவையில் அது கிதார்களுக்கு உள்ளேயோ பின்னேயோ புதைக்கப்படுகிறது. நார்வேஜிய மொழியில் பாடினால் நார்வேக்காரருக்கும் சொல் பிடிபடாது. பாடல் வரிகள் ஆல்பத்துடன் அச்சிட்டுத் தரப்படுவதற்கு இது ஒரு காரணம்.

குரல் ஏன் தொலைவில் கேட்கிறது என்பதற்கு ஒலியியலில் விளக்கம் உண்டு. ஓர் ஒலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காது முடிவுசெய்யப் பயன்படும் குறிப்புகளுள் முக்கியமானது, அந்த ஒலி நேராக வரும் அளவுக்கும் சுற்றுப்புறத்தில் பட்டுத் திரும்பி வரும் அளவுக்கும் உள்ள விகிதம். காதருகே பேசுபவரின் குரலில் நேரொலி மிகுதி. பெரிய மண்டபத்தின் மறுமுனையில் பேசுபவரின் குரலில் திரும்பொலி மிகுதி. அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டலின் ஒலிக்கலவை, குரலில் திரும்பொலியைக் கூட்டி நேரொலியைக் குறைக்கிறது. கேட்பவருக்குப் பாடகர் ஒரு பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நிற்பதாகப் படுகிறது. இடையிலுள்ள வெளியைக் கிதார் நிரப்புகிறது. அந்த வெளியைக் கேட்கவைப்பதே ஒலிப்பதிவாளரின் வேலை.

சத்தம் மிகுதி என்ற குறையை இந்த நகரம் எளிதில் சொல்லிவிடக் கூடாது. பங்குனி உற்சவத்தில் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் நாகஸ்வரமும் தவிலும் கடந்து போகும்போது இரண்டடி தள்ளி நின்று கேட்பவர்கள், பிளாக் மெட்டல் கச்சேரியின் பார்வையாளருக்குச் சளைத்தவர்கள் அல்லர். இந்தப் பெரிய மேளம் திறந்த வெளிக்கான இசை. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி, கம்பீர நாட்டையின் ஓங்கிய ஸ்வரங்களால் தெருவையே ஒரு மண்டபமாக்குகிறது. அங்கே சாகித்யம் இல்லை. சொல்லைத் தேடி யாரும் தவிப்பதுமில்லை. முதன்முறை பிளாக் மெட்டல் கேட்பவர் சபாவில் உட்காரும் காதை விட்டுவிட்டு, மாட வீதியில் நிற்கும் காதை எடுத்துக்கொண்டால் பாதித் தடை அப்போதே விலகும்.

3. வேகத்துக்குள் நிதானம்

இந்த இசையின் கிதார் வாசிப்பில் அடிப்படை உத்தி ட்ரெமலோ. ஒரே தந்தியை மேலும் கீழுமாக இடைவிடாமல் மீட்டுவது அது. நிமிடத்துக்கு 180 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு நான்கு மீட்டல் என்றால் வினாடிக்கு 12 மீட்டல். டிரம்ஸும் இதற்கு ஈடாக ஓடும். கால் மிதிக்கும் பெரிய முரசும் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் முரசும் மாறி மாறி விழும் இந்த வாசிப்பை பிளாஸ்ட் பீட் என்கிறார்கள்.

ஒன்றையடுத்து ஒன்றாக விழும் அடிகள் வினாடிக்கு ஏறத்தாழ இருபதைத் தாண்டும்போது காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் ஒரே நாதமாகக் கேட்கத் தொடங்குகிறது. வினாடிக்கு 12 என்பது அந்த எல்லைக்குச் சற்று முன்னால் உள்ள இடம். அடி அடியாகவும் கேட்கும். ஒரே நீட்சியாகவும் கேட்கும். முதல் ஐந்து நிமிடம் காது அடிகளைத் துரத்திக் களைத்துப்போகிறது. களைத்த பின் துரத்துவதை விடுகிறது. அப்போதுதான் அடியில் இருக்கும் உண்மையான நடை தெரிகிறது. நான்கு அடி கொண்ட சுற்று நான்குக்கு ஒருமுறைதான் கார்ட் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்களின் சேர்க்கை) மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே கார்டுக்குள் 64 மீட்டல்கள் அடங்கும். ஐந்து வினாடிக்கு மேல் அது அசையாமல் நிற்கும். மேலே கடுகி ஓடும் இசை, கீழே சவுக்கத்தில் நடக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கத் தெரிவதே இந்த இசையைக் கேட்கத் தெரிவது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மயிலாப்பூரிலும் அடையாறிலும் சன்னல்களைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் காற்றைக் கேட்டவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். முதலில் அது ஒரே ஊளை. சிறிது நேரத்தில் அதற்குள் ஏற்றமும் தணிவும், தென்னையில் படும் காற்றுக்கும் மொட்டைமாடித் தகரத்தில் படும் காற்றுக்கும் உள்ள வேறுபாடும் தெரியத் தொடங்கின. ஒலி மாறவில்லை, காது அதற்குள் இறங்கியது. ட்ரெமலோ கிதாருக்குள் இறங்குவதும் இவ்வாறே.

தம்பூராவைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தம்பூராவின் குதிரைமீது தந்திக்கு அடியில் சிறு நூல் ஒன்று செருகப்படுகிறது. அதை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் நாதம் மாறிவிடும். அதிரும் தந்தி வளைவான குதிரையின் மேற்பரப்பை மீண்டும் மீண்டும் தொட்டு விலகுவதால் மேல்நாதங்கள் ஏராளமாக எழுகின்றன. தம்பூரா ரீங்கரிப்பது இதனால்தான். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பதை வித்வான்கள் ஸ்வயம்பு காந்தாரம் என்று போற்றுவார்கள். மின் கிதாரின் கரகரப்பும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. தந்தியின் அதிர்வலை ஆம்ப்ளிஃபயரின் எல்லையை முட்டி, அதன் முகடுகள் வெட்டப்படும்போது மூல அலையில் இல்லாத மேல்நாதங்கள் பிறக்கின்றன. கூர்மையாகப் பதிவான பிளாக் மெட்டல் கிதாரில், வாசிக்கப்படாத ஒரு மெட்டு மேலே எங்கோ பாடிக்கொண்டிருப்பதாகக் கேட்பது உண்டு. தம்பூராவுக்கு நடுவே பிறந்து வளர்ந்த காது அதை எளிதில் கண்டுபிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் மயிலாப்பூர்க்காரருக்கு ஆஸ்லோக்காரரைவிட நல்ல பயிற்சி இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஸ்வர வரிசைகளைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும். இவ்விசையில் மிகுதியாக வரும் இயல் மைனர் அளவுகோல், நடபைரவியின் ஸ்வரங்களைக் கொண்டது. ஃப்ரிஜியன் என்பது தோடியின் ஸ்வரங்கள். ஹார்மோனிக் மைனர் கீரவாணியின் ஸ்வரங்கள். ஆனால் கமகமும் பிடியும் இல்லாத இடத்தில் ராகம் இல்லை. தோடியைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும்போது எழும் நிறமாற்றத்தைக் கேட்பது பலன் தரும்.

அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. கீர்த்தனை கேட்பவர் பல்லவி திரும்பி வரக் காத்திருப்பார். இங்கே பல பாடல்களில் ஒரு பகுதி பதினாறு முறை வாசிக்கப்பட்டு முடிந்தால் முடிந்ததுதான், அது திரும்பாது. ராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணி நேரம் உட்காரும் பொறுமை இங்கே உதவும். பல்லவி எடுப்பை எதிர்பார்க்கும் பழக்கம் உதவாது.

4. முதற்பொருள்

ஒலியில் பின்னணி முன்னே வருவது போலவே பாடுபொருளிலும் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். மலையும் மலை சார்ந்த இடமும், கூதிரும் முன்பனியும், நள்ளிரவான யாமமும் சேர்ந்தால் குறிஞ்சி. காதலின் ஓர் உணர்வைச் சொல்ல வந்த புலவர், அருவியையும் சுனையையும் வேங்கை மரத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியும். உணர்வு நிலத்தின் வழியாகவே வந்து சேரும். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பதும் இலக்கணம். ஆள் பின்னே போக, நிலமும் பொழுதும் முன்னே நிற்கும் கவிதை மரபு அது.

ஆஸ்லோவின் உல்வர் குழு 1995இல் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘பெர்க்டாட்’, இந்த அவைக்கு மிகப் பொருத்தமான நுழைவாயில். ஐந்து அத்தியாயங்களில் சொல்லும் ஒரு கதை என்றே அதன் துணைத்தலைப்பு அமைந்திருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடம். காட்டில் வழி தவறிய ஒரு பெண்ணை மலைக்குள் வாழும் சக்திகள் ஈர்த்துத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. நார்வேயின் நாட்டார் நம்பிக்கையில் இது பழைய கதை. பாடல் மொழியும் பழைய டேனிய–நார்வேஜிய நடையில் எழுதப்பட்டது.

முதல் அத்தியாயத்தில் டிரம்ஸ் வேகமாக ஓடுகிறது. கிதார் ட்ரெமலோவில் நிற்கிறது. ஆனால் குரல் அலறவில்லை. பல அடுக்காகப் பதிவு செய்யப்பட்ட தெளிந்த குரல்கள், துதி பாடுவது போல, அந்த வேகத்தைச் சற்றும் பொருட்படுத்தாமல் நிதானமாகப் போகின்றன. மேலே ஓட்டமும் கீழே நடையும் என்று முன்பகுதியில் சொன்னது இங்கே உள்ளங்கை நெல்லிக்கனியாகக் கிடைக்கிறது. இரண்டாம் அத்தியாயம் புல்லாங்குழலோடும் மரக் கிதாரோடும் தொடங்குகிறது. பொழுது சாய்வதைச் சொல்லும் பகுதி இது. அலறல் குரல் இங்கேதான் முதலில் நுழைகிறது. முந்தைய மெல்லிசைக்குப் பின் வருவதால் அது ஒரு மனிதரின் கோபமாகப் படுவதில்லை. இருட்டு வந்துவிட்டது என்று படுகிறது.

மூன்றாம் அத்தியாயத்தின் நடுப்பகுதி மிகுந்த கவனத்துடன் கேட்கத்தக்கது. கிதாரும் டிரம்ஸும் திடீரென்று விலகுகின்றன. காட்டுக்குள் யாரோ ஓடும் காலடிகள், மிதிபட்டு முறியும் சுள்ளிகள், இடையிடையே பியானோ. அதுவரை இரைச்சல் என்று எண்ணியது எவ்வளவு இடத்தை நிரப்பியிருந்தது என்பது அது விலகிய பிறகுதான் தெரிகிறது. கேட்பவர் அந்தப் பெண்ணோடு தனித்து விடப்படுகிறார். நான்காம் அத்தியாயத்தில் மின் கருவியே இல்லை. மரக் கிதார்களும் தணிந்த குரலும் மட்டும். மலையிலிருந்து ஒரு குரல் அவளை அழைக்கிறது. ஆல்பம் முழுவதிலும் அச்சம் தருவது இந்த மென்மையான நான்கு நிமிடம்தான். உரத்த பகுதிகளில் இல்லாத ஆபத்து இங்கே இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் வேகமும் கரகரப்பும் திரும்புகின்றன. அவள் மலைக்கு உள்ளே போய்விட்டாள்.

குறிஞ்சிப் பாட்டுகளை அறிந்தவருக்கு இக்கதை முற்றிலும் புதிதன்று. மலைச் சுனையில் உறையும் சூரும் அணங்கும், தலைவியின் மெலிவு முருகனால் வந்ததென்று எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தும் தாயும் சங்கப் பாடல்களில் பல முறை வருகிறார்கள். ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சங்கப் புலவர் மெலிவின் உண்மைக் காரணம் காதல் என்பதைக் கேட்பவருக்குத் தெரியப்படுத்திவிடுகிறார். தாய்க்கு மட்டும் அது தெரியாது. நார்வேக் கதையில் அப்படி ஒரு மறுவிளக்கம் கிடையாது. மலை அவளை உண்மையாகவே எடுத்துக்கொள்கிறது. இரு மரபுகளுக்கும் உறவு உண்டென்று நிறுவுவது இங்கே நோக்கமன்று. நிலத்தையும் பொழுதையும் முதலில் வாங்கிக்கொண்டு, அதன் வழியாக உணர்வை அடையும் வாசிப்புப் பழக்கம் தமிழில் ஏற்கெனவே உண்டு என்பதும், அந்தப் பழக்கத்தைக் காதுக்கும் கொடுக்கலாம் என்பதுமே கருத்து.

பனியையே பார்த்திராத சென்னையில் பனிக்காட்டு இசையை எப்படி உணர்வது என்ற கேள்வி எழலாம். முல்லையையும் பாலையையும் நேரில் பார்த்த பிறகா தி. நகரில் வளரும் மாணவர் குறுந்தொகை படிக்கிறார்?

5. சிங்கப்பூரின் ருத்ரா

இந்த இசைக் குடும்பத்தில் தமிழர் பங்கு என்று பேசும்போது முதலில் நிற்கும் பெயர் சிங்கப்பூரின் ருத்ரா. 1992இல் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 1998இல் வந்தது. பாடுபவரும் பேஸ் கிதார் வாசிப்பவருமான கதிரசன் வேதாந்தம் பயின்றவர், அதைக் கற்பிப்பவரும்கூட. மெட்டலின் மற்றொரு கிளையான டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்த தங்கள் இசையைக் குழுவினர் வேதிக் மெட்டல் என்று அழைக்கிறார்கள். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளியான ‘பிரம்மவித்யா’ வரிசை ஆல்பங்கள் மூன்றும் வேதாந்தக் கருத்துகளை எடுத்துக்கொண்டவை. சமஸ்கிருத மந்திர ஓதலும் இந்திய வாத்தியங்களும் கரகரத்த கிதாரோடு சேர்கின்றன. சிங்கப்பூர் இசை அறிஞர் யூஜின் தைரியநாதன், இக்குழுவையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் இணைத்து ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்.

மயிலாப்பூரில் வளர்ந்தவருக்கு ருத்ராவில் தொடங்குவது எளிது என்று தோன்றும். மந்திரம் தெரியும், தம்பூரா தெரியும், பெயரும் தெரிந்ததே. இவ்வுரையின் கருத்து இதற்கு மாறானது. தெரிந்த மந்திரம் காதில் விழுந்தவுடன் கவனம் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. சொல் சரியாக உச்சரிக்கப்பட்டதா, ஸ்வரம் பிசகியதா என்று பார்க்கும் காது விழித்துக்கொள்கிறது. அப்படிக் கேட்பவர் முடிவில் பேசுவது மந்திரத்தைப் பற்றியே இருக்கும். இசையைப் பற்றி இராது. ருத்ராவில் கருத்துக்கும் சொல்லுக்கும் உள்ள முக்கியத்துவம், உல்வர் போன்ற குழுக்களில் இருப்பதைவிட மிக அதிகம். குரலும் கலவையில் முன்னே நிற்கிறது. எனவே வெளியைக் கேட்கும் பழக்கம் முதலில் வந்து, பிறகு ருத்ராவுக்குப் போனால், சொல்லும் வெளியும் அங்கே எப்படிப் போட்டியிடுகின்றன என்பது தெளிவாகும். தமிழர் ஒருவர் இந்த இசையை இரவல் வாங்காமல் தன் சிந்தனைக்குக் கருவியாக்கிக்கொண்டதன் அருமையும் அப்போதுதான் விளங்கும்.

6. குற்றமும் கேட்பவர் பொறுப்பும்

இந்த இசையின் தொடக்க வரலாற்றில் குற்றங்கள் உண்டு; அவற்றை மறைத்து அறிமுகம் செய்வது நேர்மையாகாது. 1992 ஜூன் 6 அன்று பெர்கன் நகரின் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அடுத்து வந்த மாதங்களில் வேறு தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்ட் 10 அன்று மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். பர்சத்தின் வார்க் விகெர்னஸ் அக்கொலைக்கும் சில தேவாலய எரிப்புகளுக்கும் 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இனவெறிக் கருத்துகளையும் அவர் வெளிப்படையாக எழுதிவந்தார். நாஜிக் கொள்கையைப் பரப்பும் குழுக்கள் இவ்வகையில் இன்றும் இருக்கின்றன.

குழு யாருடையது, என்ன கொள்கை கொண்டது என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுப்பது கேட்பவர் கடமை. இந்த இசைக்கு அந்தக் கொள்கை தவிர்க்க முடியாத துணை என்று எண்ண வேண்டியதுமில்லை. அமெரிக்காவின் பனாப்டிகான் 2012இல் வெளியிட்ட ‘கென்டக்கி’ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டத்தைப் பாடுகிறது. அம்மலைநாட்டுப் பாஞ்சோவும் ஃபிடிலும் அதில் பிளாக் மெட்டலோடு கலந்து வருகின்றன. உழைப்பாளர் பக்கம் நின்று இதே ஒலியால் பேச முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

7. கேட்கும் முறை

தென்சென்னை அடுக்குமாடி வீடு இந்த இசைக்கு உகந்த அரங்கமன்று. பகலில் பனகல் பூங்காப் பக்கம் ஹாரன் ஓயாது. இரவில் சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். காதை மூடும் வகை ஹெட்ஃபோன் நல்லது. கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்கவே கூடாது. அடி ஒலியும் இட–வல அகலமும் அதில் போய்விடும். மிஞ்சுவது உண்மையாகவே இரைச்சல்தான். ஒலியளவை மிக உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தொலைவை உணர்த்தும் நுட்பங்கள் மிதமான ஒலியளவில்தான் நன்கு கேட்கும்.

முதல் தடவை ‘பெர்க்டாட்’ ஆல்பத்தை இடையில் நிறுத்தாமல், வரிகளைப் படிக்காமல், முழுதாகக் கேட்க வேண்டும். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் காது களைப்பைத் தாண்டாது. களைப்பைத் தாண்டாமல் நிதானம் கேட்காது. குரலைத் தேடும் பழக்கம் தலையெடுக்கும்போதெல்லாம், கார்ட் எப்போது மாறுகிறது என்பதில் கவனத்தை வைப்பது போதும். பிடிக்காத பகுதி வந்தால் அதையும் கேட்டுக் கடப்பதே நல்லது. மூன்றாம் அத்தியாயத்தின் காலடி ஓசைக்கு அதற்கு முந்தைய இரைச்சலே பொருள் தருகிறது. சில நாள் இடைவெளி விட்டு, கதைச் சுருக்கத்தைப் படித்த பின் இரண்டாம் தடவை கேட்கலாம்.

அடுத்து, வுல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம் 2007இல் வெளியிட்ட ‘டூ ஹன்டர்ஸ்’. நான்கே பாடல்கள், கடைசிப் பாடல் 18 நிமிடம். மூன்றாம் பாடலில் ஜெசிக்கா கென்னி என்ற பாடகியின் தெளிந்த குரல் வருகிறது. வாஷிங்டன் மாநிலத்து மழைக்காடுகளை நினைவில் கொண்டு செய்யப்பட்ட இந்த ஆல்பத்தின் ஒலி, நார்வேப் பதிவுகளைவிட நிறைவானது. அடி ஒலி செறிந்தது. ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ போன்ற வறண்ட பதிவுகளை இதற்குப் பிறகே எடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே அவற்றைக் கேட்டவர்களில் பலர் இவ்வகையை அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். நான்காவதாக ருத்ரா. 2005இல் வந்த ‘பிரம்மவித்யா’ வரிசையின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கி மூன்றையும் வெளிவந்த வரிசையிலேயே கேட்பது முறை.